பொய்கைச் சந்தையும் லண்டன் மணிக்கூண்டும்

அன்புள்ள ஐயா,

லண்டனில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் வீட்டருகே ஒரு பூங்கா, அதன் நடுவில் தனியாக ஒரு மணிக்கூண்டு. முன்பு அங்கே மாட்டுச் சந்தை இருந்ததாம். என் அப்பா ஏர் மாடு பிடித்தது வேலூர் பக்கத்தில் நம் பொய்கைச் சந்தையில்தான். அங்கே சொல்லிக்கொள்ள ஒரு கட்டடம் உண்டா? நமக்கு வரலாற்று உணர்வே இல்லையோ என்று மனசு கேட்கவில்லை.

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தது காலிடோனியன் பூங்கா மணிக்கூண்டு. அதற்கு முன் லண்டனின் மாட்டுச் சந்தை ஊர் நடுவே ஸ்மித்ஃபீல்டில் கூடியது. நெரிசலான தெருக்கள் வழியே மந்தை மந்தையாக ஓட்டி வருவார்கள். சாணியும் மிதிபாடும் அடியுமாக ஊரே பொறுக்க முடியாமல் போனபின் 1852இல் சட்டம் போட்டுச் சந்தையை வடக்கே நகர்த்தினார்கள். பன்னிங் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த புதுச் சந்தையை 1855 ஜூன் 13 அன்று இளவரசர் ஆல்பர்ட் திறந்துவைத்தார். நடுவில் மணிக்கூண்டு, அதன் அடியில் வங்கிகள், நான்கு மூலையிலும் மதுக்கடைகள். பிறகு குளிரூட்டிய கப்பல்களில் வெளிநாட்டு இறைச்சி வந்து இறங்கவே, உயிர்மாட்டு வியாபாரம் தேய்ந்தது. மாடு வராத நாட்களில் பழைய சாமான் விற்றார்கள். 1939இல் போர் வந்ததும் அதுவும் நின்றது. கூண்டும் மதுக்கடைக் கட்டடங்கள் சிலவும்தான் மிஞ்சின.

நம் பொய்கையில் சந்தையே மிஞ்சியிருக்கிறது. செவ்வாய்தோறும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வண்டி வருகிறது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தொகை தெரியாது. வயசறிய வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார்கள்: ரெண்டு பல்லா, நாலு பல்லா, எல்லாப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்ததா? உடம்பில் மயிர்ச் சுழி பார்க்கிறார்கள், பசுவென்றால் எத்தனையாவது ஈத்து, அதாவது எத்தனையாவது கன்று, என்று கேட்கிறார்கள். சிறுவனாக நான் தாத்தாவோடு போன நாளில் அவர் எங்கள் செவலைக் காளையை விற்றார். வாங்கியவர் கொண்டுவந்த புதுக் கயிற்றை மாட்டிவிட்டு, பழையதைத் தாத்தா தோளில் போட்டுக்கொண்டார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கயிறு அவர் இறக்கும்வரை கொட்டகை விட்டத்தில் தொங்கியது.

லண்டனைப் பார்த்து நாம் ஒன்று கேட்கலாம். அங்கே மணிக்கூண்டோடு கூடவே, வந்திறங்கும் மாடுகள் இளைப்பாறக் கொட்டில்களும் தண்ணீர்த் தொட்டிகளும் கட்டினார்கள். கூண்டு நமக்கு வேண்டாம். சித்திரை வெயிலில் லாரியிலிருந்து இறங்கும் சினை மாட்டுக்கு நிழலும் தண்ணீரும், கால் முறியாமல் இறங்க ஒரு சாய்மேடையும் வேண்டும். சுங்கம் வாங்கும் எந்தச் சந்தையும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

உங்கள் அப்பா இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள். துண்டுக்கடியில் எந்த விரலுக்கு எவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்லக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். விடிந்ததும் வந்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள் நல்ல மாடெல்லாம் கைமாறிவிடும்.