கல்யாணத்துக்கு முன் கைக்கு ஃபில்லர் வேண்டாம்

கேள்வி: வயது 58. வீணை சொல்லிக்கொடுக்கிறேன். புறங்கையில் நரம்பு புடைத்து, எலும்பு துருத்தித் தெரிகிறது. பழுப்புப் புள்ளிகளும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று வாரத்தில் மகள் கல்யாணம். அதற்குள் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளலாமா? – வாசகி, திருச்சி

பதில்: போட்டுக்கொள்ளலாம்; ஆனால் கல்யாணம் முடிந்த பிறகு. வீக்கமும் ரத்தக்கட்டும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் வடியும் என்றாலும், எல்லோருக்கும் அப்படி அமையாது. சிறு கட்டி நின்றுவிட்டால் சரிசெய்யவும் அவகாசம் வேண்டும்.

நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் ரத்தக்குழாய். அது புதிதாகப் பெருத்துவிடவில்லை, மேலே மெத்தைபோல் இருந்த கொழுப்பு கரைந்துவிட்டது. ஃபில்லர் அந்த இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். புள்ளிகளுக்கு லேசர் தனி. ரத்தக்குழாயையே ஊசியால் அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நாளை மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்ற அதுதான் வேண்டும்.

மருந்தில் முக்கியமாக இரண்டு. கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் வகையான ரேடியஸ். இதைப் புறங்கைக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-ல் அனுமதித்தது. ஹையலூரானிக் அமில வகையான ரெஸ்டிலேன் லிஃப்டுக்கு 2018-ல் அனுமதி. முன்னது சுமார் ஓராண்டு நிற்கும். வெண்மையாக இருப்பதால் ரத்தக்குழாயை நன்றாக மறைக்கும். ஆனால் கட்டி தட்டினால் கரைக்க மருந்து இல்லை. சிலருக்குச் சில நாள் விரல் மடக்கவும் சிரமமாகும். பின்னது ஆறு மாதம்போல நிற்கும், பிசகினால் ஹையலூரானிடேஸ் ஊசியால் கரைத்துவிடலாம். விரலே பிழைப்பு என்பதால் முதல் தடவை உங்களுக்கு இதையே சொல்வேன். திரவ சிலிகான் பக்கம் போகவே வேண்டாம்.

போடும் விதத்தைக் கவனியுங்கள். மருத்துவர் தோலை இரு விரலால் கூடாரம்போல் தூக்கிப் பிடிப்பார். தோலுக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவிலுள்ள மெல்லிய அடுக்கில்தான் மருந்து இறங்க வேண்டும். ஆழமாகப் போனால் தசைநாணை உரசும், மேலாகப் போனால் கட்டி தெரியும். கூர் ஊசிக்குப் பதில் முனை மழுங்கிய மெல்லிய குழல் (கேனுலா) என்றால் ரத்தக்கட்டு குறையும். பிறகு உங்களை முஷ்டி பிடிக்கச் சொல்லி, கிரீம் தடவி நீவிச் சமப்படுத்துவார். ஒரு கைக்கு 1 முதல் 2 மி.லி. போதும். சீல் பிரிக்காத பெட்டியை உங்கள் கண்முன் திறக்கட்டும். பேட்ச் எண் ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மோதிரம், வளையலை முன்பே கழற்றிவிடுங்கள், வீங்கிய பின் வராது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) கட்டுக்குள் இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள், சீழ் பிடிக்கலாம். ஆஸ்பிரின் சாப்பிடுபவரானால், ரத்தக்கட்டு வருமே என்று இதய மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. வீக்கம் வடியும்வரை வீணையைத் தொடாமல், கையை உயர்த்தி வையுங்கள்.

ஊசி போட்டபின் தோல் வெளிறினாலோ, வலைபோல் நீலம் பாரித்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அந்த நிமிடமே போட்ட மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் எடுக்காவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.