வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது படிக்கட்டின் கீழ் படுக்கிறார்

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 74 வயது. மகன் பெயருக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதிவிட்டார். இப்போது மாடிப்படிக்குக் கீழே படுக்கை, சாப்பாடு தெருக்காரர்கள் கொடுப்பதுதான். ஒரு புரோக்கர், '20,000 ரூபாய் கொடுத்தால் பத்திரத்தை ரத்து செய்து தருகிறேன்' என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாட்டி மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டு செட்டில்மென்டை சார்பதிவாளரிடம் ரத்து செய்ய முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் 2022-லேயே இதைச் சொல்லிவிட்டது. பத்திர ஆபீஸ் வாசலில், ஜெராக்ஸ் கடை ஓரமாக நிற்கும் இந்த ஆட்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள். பணம் கைமாறும், அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். கண்ணெதிரே எத்தனை கிழவிகள் கம்மலை அடகு வைத்து இவர்களிடம் ஏமாந்திருக்கிறார்கள்!

பாட்டி போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்படி அங்கே தீர்ப்பாயம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதினால் போதும். பாட்டியால் நடக்க முடியவில்லை என்றால், அவர் அதிகாரம் கொடுத்து நீங்களே மனு கொடுக்கலாம். பத்திர நகல், ஆதார், தெருக்காரர் இரண்டு பேரின் எழுத்துமூல வாக்குமூலம் சேருங்கள். பத்திரத்தை ரத்து செய்யவும், மாதாமாதம் பராமரிப்புத் தொகை தரவும் ஒரே மனுவில் கேளுங்கள். தொகைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய்.

ஒன்றை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். 'கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால் பாட்டியின் கை ஓங்கும். பெரும்பாலும் 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்றுதான் எழுதியிருப்பார்கள். அதனால் மனுவே போடாமல் விட்டுவிடாதீர்கள். இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகவே பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இனி எழுதித் தருபவர்கள் பத்திர எழுத்தரிடம் அந்த நிபந்தனையைக் கேட்டு வாங்குங்கள். 'வழக்கமான வாசகம்தான்மா' என்பார், விடாதீர்கள்.

பராமரிப்பு மனுவை 90 நாளில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பதோ வாய்தா மேல் வாய்தா. முழங்கால் தேய்ந்தவரை மாடி ஏறச் சொல்லி, 'அடுத்த மாசம் வாங்க' என்பது என்ன நியாயம்? ஒவ்வொரு விசாரணைக்கும் தெருவில் ஒருவர் ஆட்டோ வைத்துக் கூடப் போங்கள்; தனியாகப் போனால் மகன் மிரட்டி சமாதானக் கடிதம் வாங்கிவிடுவான். இன்றைக்கே 14567 முதியோர் உதவி எண்ணிலும் சொல்லி வையுங்கள்.