டெல்லியில் நிற்கும் மேல்முறையீடும் 90 நாள் கெடுவும்

கேள்வி: சேரன்மகாதேவி அருகேயுள்ள எங்கள் பூர்வீக நஞ்சை குறித்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பை எதிர்த்து என் தந்தை உச்ச நீதிமன்றம் சென்றார். 2019-இல் மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைத்து, டிக்ரியை (தீர்ப்பின்படியான ஆணையை) நிறைவேற்றத் தடையும் வந்தது. இறுதி விசாரணைதான் வரவில்லை. சென்ற மாதம் தந்தை காலமாகிவிட்டார். இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்?

பதில்: ஆண்டுக் கணக்கைப் பிறகு பார்ப்போம், முதலில் நாட்களை எண்ணுங்கள். மேல்முறையீடு செய்தவர் இறந்தால், இறந்த தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் வாரிசுகள் தங்களை வழக்கில் சேர்க்கக் கோரி மனுச் செய்ய வேண்டும். தவறினால், நீதிபதி தனியாக உத்தரவு எதுவும் போடாமலேயே மேல்முறையீடு அற்றுப்போகும்; நீங்கள் நம்பியிருக்கும் தடையும் அதோடு போய், எதிர்த்தரப்பு இங்குள்ள கீழ்க்கோர்ட்டில் நிறைவேற்று மனுப் போட்டுவிடலாம். மேல்முறையீடு அற்றுப்போனதை நீக்கக் கோர மேலும் 60 நாட்கள் உண்டு. அதுவும் கடந்தால் தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கோர வேண்டியிருக்கும்.

டெல்லி வழக்கறிஞரின் வழக்குக் கோப்பில் தந்தையின் கைபேசி எண் மட்டுமே இருக்கும், அந்தக் கைபேசியோ வீட்டு அலமாரியில் அணைந்து கிடக்கும். நல்ல வழக்குகள்கூட இப்படித்தான் கைநழுவுகின்றன. ஆகவே இன்றே அவரை அழைத்து உங்கள் எண்ணைக் கொடுத்து, இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் புதிய வக்காலத்தையும் அனுப்புங்கள். வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பி கையெழுத்துக்காகக் கெடுவைத் தவறவிட வேண்டாம். வாரிசுகளில் ஒருவரே மனுச் செய்து, வர இயலாதவர்களை எதிர்மனுதாரர்களாகக் காட்டலாம்.

இனித் தாமதம். தலைமை நீதிபதி உட்பட 34 பணியிடங்களே உள்ள நீதிமன்றத்தில் 80,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியுள்ளன. மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்டுப் புதிதாக வரும் சிறப்பு அனுமதி மனுக்களை ஏற்பதா என்று பார்ப்பதிலேயே நீதிபதிகளின் பெரும்பொழுது கழிவதால், அனுமதி பெற்ற பழைய சிவில் மேல்முறையீடுகள் பின்னுக்குப் போகின்றன. எனவே இத்தனை ஆண்டு என்று எந்த வழக்கறிஞரும் உறுதி சொல்ல இயலாது. சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் தாயார் முதியவர் எனில், அதைக் காட்டி விரைவு விசாரணைக்கு மனுச் செய்யலாம்; கட்டாயம் கிடைக்கும் என்பதில்லை, ஆனாலும் கேட்பது நல்லது. பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை சாத்தியமெனில் உச்ச நீதிமன்றத்தின் சமரச மையத்துக்கு அனுப்பக் கோரலாம். செலவு பாரமாக இருந்தால் உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்; பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்பதால், தாயார் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.