மாடிக்குப் பூச்சா, பரிசோதனையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வீட்டின் கூரையைச் சரிபார்ப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். வேலையை முடிக்கத் தோதான காலம் ஆனி, ஆடி, ஆவணி. தளம் காய்ந்திருந்தால்தான் எந்தப் பூச்சும் பிடிக்கும்.

கேள்வி: பதினெட்டு வருஷத்துக்கு முன் கட்டிய சொந்த வீடு. மாடி 1,100 சதுர அடி. போன மழையில் ஹால் சீலிங்கில் ஓதம் படர்ந்தது. பெயிண்ட் கடை மூலமாக வந்தவர் இலவசமாகப் பார்த்துவிட்டு, மாடி முழுக்க வாட்டர்புரூஃப் பூச்சு அடித்தால் போதும் என்கிறார். தனியாக ஓர் இன்ஜினீயருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது வீண் செலவா? — வாசகர், மதுரை

பதில்: வீண் செலவு இல்லை. இலவசமாகப் பார்க்க வருகிறவர் பூச்சு விற்க வருகிறார். எதைப் பார்த்தாலும் அவர் சொல்லும் மருந்து பூச்சாகத்தான் இருக்கும். அவருடைய தொழில் அது. தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை, அதைச் சரிசெய்து சம்பாதிக்கப்போகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

முதலில் நீங்களே கவனிக்க வேண்டியது, ஓதம் எப்போது வருகிறது என்பது. மழை பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் சொட்டினால் தளத்தில் நேரடி விரிசல் இருக்கலாம், அல்லது மழைநீர்க் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம் திறந்திருக்கலாம். மழை விட்டு இரண்டு நாள் கழித்து ஈரம் தெரிந்தால், தட்டோட்டுக்குக் கீழே உள்ள சுண்ணாம்பு ஜல்லி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடுகிறது. சித்திரை வெயிலிலும் ஓதம் மாறவே இல்லையென்றால் மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேலே உள்ள தொட்டியையோ குழாயையோ பாருங்கள். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் மாடி முழுக்கப் பூசினால், மூன்றாவது வகைக் கசிவு அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜல்லிக்குள் இறங்கிய தண்ணீர் பக்கவாட்டில் ஓடும். ஹால் நடுவில் தெரியும் கறைக்கு நேர் மேலே மாடி நன்றாக இருக்கும். தண்ணீர் நுழைந்ததோ பத்தடி தள்ளி, கைப்பிடிச் சுவரோரம். கறைக்கு மேலே மட்டும் உடைத்துப் பூசும் மேஸ்திரிகள் ஒவ்வொரு வருஷமும் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம்.

அனுபவமுள்ள ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயர் வீட்டுக்குள்ளிருந்துதான் தொடங்குவார். ஒவ்வொரு அறையின் சீலிங்கிலும் கறை, வெடிப்பு, துருக்கோடு எங்கே என்று வரைபடத்தில் குறித்துக்கொண்ட பிறகே மாடி ஏறுவார். மேலே போனதும் தட்டோட்டைச் சின்னச் சுத்தியலால் வரிசையாகத் தட்டுவார். ‘டொப்’ என்று பொள்ளல் சத்தம் வந்தால் ஓடு பிடிப்பு விட்டிருக்கிறது என்று பொருள். டியூப் லெவல் வைத்து வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவு, அளப்பார். சுண்ணாம்பு ஜல்லித் தளத்துக்கு 60-க்கு 1 என்ற அளவில் வாட்டம் வேண்டும். 20 அடி நீளத்துக்கு 4 அங்குலம் இறங்க வேண்டும். பிற்பாடு ஓடு மாற்றிய மாடிகளில் பெரும்பாலும் இந்த வாட்டம்தான் காணாமல்போயிருக்கும். வடிகுழாய்களையும் எண்ண வேண்டும். மணிக்கு 100 மி.மீ. மழை கொட்டினால் ஒரு 4 அங்குலக் குழாய் ஏறத்தாழ 450 சதுர அடியில் விழும் தண்ணீரைத்தான் வடிக்கும். உங்கள் மாடிக்கு மூன்று குழாய் வேண்டும். இரண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்றின் வாயில் வேப்பிலை அடைத்திருக்கிறது என்றால் மாடி குளமாகும்.

அடுத்தது கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை. நாம் பார்க்கும் கசிவுகளில் பெரும்பங்கு இங்கேதான். வெயிலில் கான்கிரீட் தளம் நீளும், இரவில் சுருங்கும். மேலே நிற்கும் செங்கல் சுவர் அதே அளவு அசையாது. எனவே மூலையில் மயிரிழை வெடிப்பு விழுந்தே தீரும். அந்த மூலையைச் செங்குத்தாக விடாமல் சுமார் 3 அங்குலத்துக்கு வளைவாகப் பூசி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரிலும் ஓர் அடி உயரம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சுவரின் தலைப்பகுதியும் முக்கியம். அங்கே பூச்சு வெடித்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கும். தரையில் எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது.

சந்தேகம் தீரவில்லையென்றால் தண்ணீர் தேக்கிப் பார்ப்பார்கள். வடிகுழாயை அடைத்து, 1 முதல் 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 24 அல்லது 48 மணி நேரம் வைப்பது வழக்கம். மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து மண் வரப்புக் கட்டிச் செய்தால் எந்தப் பகுதி ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். 2 அங்குலத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. சீலிங்கில் கம்பி தெரியும் வீட்டில் இன்ஜினீயர் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

முடிவில் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வரைபடம், படங்கள், காரணம், எது அவசரம் எது பிறகு, எத்தனை சதுர அடி, எத்தனை அடி நீளம், எந்த முறையில் என்று இருக்க வேண்டும். எந்த கம்பெனிப் பூச்சு என்று இருக்க வேண்டாம். அந்த அளவை வைத்து மூன்று பேரிடம் விலை கேட்டால் மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்வார்கள். கட்டணத்தை ஒரே தொகையாக முன்கூட்டியே பேசிவிடுங்கள். மராமத்துச் செலவில் சதவீதம் கேட்பவர் வேண்டாம்; செலவு ஏறினால் அவருக்கு லாபம்.

கேள்வி: திருச்சியில் 25 வருஷம் பழைய தனி வீடு விலைக்கு வருகிறது. சீலிங் எல்லாம் புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் கூரையில் என்ன பார்க்க வேண்டும்? — வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: பழைய வீட்டில் புதுப் பெயிண்ட் சீலிங்கில் மட்டும் இருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். பெயிண்ட் கறையை மறைக்கும், ஈரத்தை மறைக்காது. ஈரமானி வைத்தால் தெரிந்துவிடும்.

ஒழுகலைவிடப் பெரிய செலவு கம்பித் துரு. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவ ஊடுருவ அந்தக் காரம் குறையும். ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடித்து ஊதும். ஊதிய துரு கீழே உள்ள காரையைத் தள்ளி வெடிக்கவைக்கும். அதனால்தான் அந்த வெடிப்பு கம்பி ஓடும் நேர்கோட்டிலேயே போகும். தாறுமாறாக வலை போல விழும் மேல்பூச்சு வெடிப்புக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம்.

சோதனை எளிது. ஒரு மூலையில் சின்னதாகத் துளைத்து, புதிதாகத் திறந்த கான்கிரீட் மேல் ஃபீனால்ஃப்தலீன் கரைசல் தெளிப்பார்கள். ஊதா கலந்த சிவப்பாக மாறினால் காரம் இருக்கிறது. நிறமே மாறவில்லையென்றால் அந்த ஆழம் வரை பாதுகாப்பு போய்விட்டது. இதோடு, கம்பிக்கு மேல் கான்கிரீட் எத்தனை மி.மீ. மூடியிருக்கிறது என்று கவர் மீட்டர் காட்டும். தளத்துக்குக் குறைந்தது 20 மி.மீ. வேண்டும், கடலோர வீடுகளுக்கு இன்னும் அதிகம். மூடியிருப்பது 20, காரம் போன ஆழம் 18 என்றால் அந்தத் தளத்துக்கு இன்னும் அதிக காலம் இல்லை. சுத்தியல் போன்ற ரீபௌண்ட் ஹாமர் காட்டும் எண்ணை மட்டும் நம்பி ‘கான்கிரீட் நல்ல பலம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவரிடம் கவனமாக இருங்கள். அந்தக் கணிப்பில் 25 சதவீதம் வரை கூடுதல் குறைவு இருக்கலாம்.

மாடியில் இரண்டு விஷயம். பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு ஜல்லித் தளம் போட்டிருக்கிறார்களா? 3 அங்குல ஜல்லி 100 சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை ஏற்றும். தண்ணீர்த் தொட்டி எங்கே நிற்கிறது? 1,000 லிட்டர் என்றால் ஒரு டன். ஆள் நடமாடும் மாடியைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் பாரத்துக்குத்தான் கணக்கிடுகிறார்கள். தொட்டி தூண் அல்லது பீம் மேல் இருக்க வேண்டும், தளத்தின் நட்டநடுவில் அல்ல.

இதையெல்லாம் வாங்கும் முன் செய்யச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு இது பொருந்தாது. பெயர்ந்த காரையைப் பத்திரம் முடிந்த பிறகு காட்டினால், ‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்பார்கள். பரிசோதனை அறிக்கை திருப்தியாக இருந்தால்தான் அட்வான்ஸ் நிலைக்கும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் சேருங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு தகவல்.

கேள்வி: சென்னையில் மேல்தள ஃபிளாட். 2022-இல் சாவி கொடுத்தார்கள். மாடி ஒழுகுகிறது. பில்டர் சங்கத்தைக் கேள் என்கிறார், சங்கம் ‘உன் வீடு, நீயே பார்’ என்கிறது. — வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இருவர் சொல்வதும் தவறு. ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பு, வேலைப்பாடு, தரம் ஆகியவற்றில் உள்ள குறையை நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு. உங்களுக்கு 2027 வரை காலம் இருக்கிறது. அதற்கென்று இருந்துவிடாதீர்கள், புகார் எழுத்தில் போன தேதிதான் பேசும். ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

கூடவே பரிசோதனை அறிக்கையை இணையுங்கள். ‘குடியிருப்பவர்கள் மாடியில் டிஷ் ஆன்டெனாவுக்கு ஓட்டை போட்டதால் வந்தது’ என்பது பில்டர்களின் வாடிக்கையான பதில். கசிவு கைப்பிடிச் சுவர் மூலையில்தான், வாட்டமே இல்லை என்று இன்ஜினீயர் அளவோடு எழுதியிருந்தால் அந்த வாதம் நிற்காது. நீங்களே சரிசெய்துவிட்டுப் பிறகு பணம் கேட்காதீர்கள், சாட்சி போய்விடும்.

சங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. மொட்டை மாடி பொதுப் பகுதி என்று அதே சட்டம் வரையறுக்கிறது. ஐந்தாண்டு கழிந்த கட்டடத்தில் மாடி மராமத்து எல்லா வீட்டுக்காரர்களின் பொதுச் செலவு. மேல்தளக்காரரின் தனிச் செலவு அல்ல.

கேள்வி: காரைக்குடி பக்கம் தாத்தா காலத்து வீடு. தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். மேலே 2 அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். போடலாமா? — வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். கூடுதல் எடை ஒரு பக்கம். சிமெண்ட் ஈரத்தை வெளியேற விடாது என்பது அதைவிட மோசம். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் கட்டை சுவருக்குள் நுழையும் முனையில் தேங்கி, அங்கேயே மரத்தை உளுக்கவைக்கும். கட்டையின் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும், முனை பஞ்சாகியிருக்கும். ஒவ்வொரு முனையிலும் திருப்புளியால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்; உள்ளே இறங்கினால் அந்தக் கட்டை மாற்ற வேண்டியது. சுவரோரம் கரையான் மண் கோடு, கயிறு கட்டிப் பார்த்தால் தெரியும் தொய்வு இரண்டையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்புத் தளத்துக்குச் சுண்ணாம்புதான் மராமத்து. கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்துக் கட்டையால் தட்டி இறுக்கத் தெரிந்த ஆட்கள் உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும்.

கேள்வி: மாடியில் சோலார் போடப்போகிறோம். அதற்கும் கூரைப் பரிசோதனை வேண்டுமா? — வாசகர், ஈரோடு

பதில்: கட்டாயம், ஒப்பந்தம் போடும் முன்பே. மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் அவசரப்படுகிறார்கள். ஆனால் பேனல் இருபத்தைந்து வருஷம் அங்கே நிற்கும். அதற்குக் கீழே தளம் ஒழுகினால் அத்தனையையும் கழற்றி மாட்ட வேண்டும். எடை பெரிய விஷயமில்லை, காற்றுதான் விஷயம். அது பேனலை மேலே தூக்கும். அதைத் தாங்க, தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்கினால் ஒவ்வொரு துளையும் ஓர் ஒழுகல். எங்கே கான்கிரீட் பீடம் வரும், அதைச் சுற்றி நீர்த்தடுப்பு யார் செய்வார்கள் என்று எழுதி வாங்குங்கள். மராமத்து முதலில், பேனல் பிறகு.

கேள்வி: பத்து வருட உத்தரவாதம் என்று சொல்லிப் பூசிய பூச்சு ஒரே மழையில் உரிந்துவிட்டது. கம்பெனி, தளத்தில் தண்ணீர் தேங்கியதால் உத்தரவாதம் செல்லாது என்கிறது. — வாசகர், கடலூர்

பதில்: உத்தரவாத அட்டையை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் பொருளுக்கு மட்டும்தான் உத்தரவாதம், ஆள்கூலிக்கு இல்லை. அக்ரிலிக் பூச்சுகள் பல, தேங்கிய தண்ணீருக்கு ஏற்றவை அல்ல என்று அவற்றின் தொழில்நுட்பத் தாளிலேயே இருக்கும். அப்படியிருக்க, வாட்டம் இல்லாத மாடி என்று பார்த்துவிட்டு அதையே அடித்தது சேவைக் குறைபாடு என்பது உங்கள் வாதமாக இருக்கட்டும். போதுமான அளவு அடித்தார்களா என்பதையும் கணக்குப் போடுங்கள். டப்பாவில் லிட்டருக்கு 20 சதுர அடி என்று இருந்தால், 1,000 சதுர அடிக்கு 50 லிட்டர். பில்லில் 20 லிட்டர் டப்பா ஒன்றுதான் இருந்தால் மீதி தண்ணீர் கலந்ததுதான். உரிந்த பூச்சைப் பெயர்க்கும் முன் இன்ஜினீயர் அறிக்கையும் படமும் எடுத்துவிடுங்கள். முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை செலுத்திய வேலைக்கு மனுக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போக வேண்டும்; கம்பெனி ஆள் ‘அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன்’ என்று இழுத்தடிப்பதும் இந்த இரண்டு வருஷத்துக்குள்தான் கழியும்.