பி பக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

1960களில் ஒரே ஒரு பாட்டோடு பெயர் வாங்கி, அப்புறம் காணாமல் போன அமெரிக்க இசைக்குழுக்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

எஸ்.வி., திருச்சி: 'லூயி லூயி' பாட்டை எஃப்.பி.ஐ. விசாரித்தது என்கிறீர்களே, நிஜமாகவா சார்? ஒரு பாட்டில் விசாரிக்க என்ன இருக்கிறது?

நிஜம்தான். விசாரிக்க ஒன்றுமே இல்லை என்பதில்தான் வேடிக்கை.

1963 ஏப்ரல். ஆரிகான் மாநிலம் போர்ட்லண்டில் 'கிங்ஸ்மென்' என்ற பையன்கள் சின்ன ஸ்டுடியோ ஒன்றில் ஐம்பது டாலர் வாக்கில் கொடுத்து இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். மைக் தலைக்கு மேலே தொங்குகிறது. பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து பார்த்துக் கத்துகிறார். போதாக்குறைக்குப் பல்லில் கம்பி. நான் ரேடியோ, ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன். வாய்க்கு நேராக மைக் இருந்தாலே 'ச'வும் 'ஸ'வும் தகராறு பண்ணும். இங்கே கிடாரும் டிரம்ஸும் சுற்றி நின்று இரைகின்றன, இவரோ கூரையைப் பார்த்துப் பாடுகிறார். வார்த்தையெல்லாம் குழைந்த சோறாகிவிட்டது.

புரியாத பாட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாமே! ஆபாசமான வரிகள் இருக்கின்றன என்று மாணவர்கள் மத்தியில் வதந்தி கிளம்பி, துண்டுச் சீட்டில் எழுதிக் கைமாற்றினார்கள். 1964இல் இண்டியானா ஆளுநர் மேத்யூ வெல்ஷ், வானொலிகள் இதைப் போட வேண்டாம் என்றார். பிள்ளையைப் பெற்ற ஒருவர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் போட்டார். எஃப்.பி.ஐ. தட்டை வாங்கி வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தது. எந்த வேகத்தில் போட்டாலும் புரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடியது. நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் புரியாதது 33இல் புரியும் என்று எந்த மகானுபாவருக்குத் தோன்றியதோ!

உள்ளபடி பாட்டில் இருப்பது இவ்வளவுதான்: காதலியைப் பார்க்கக் கப்பல் ஏறப்போகிற ஒரு மாலுமி, லூயி என்கிற மதுக்கடைக்காரரிடம் புலம்புகிறான். பாட்டின் நடுவே டிரம்ஸ்காரர் லின் ஈஸ்டன் குச்சியைத் தவறவிட்டு நிஜமாகவே ஒரு கெட்ட வார்த்தை சொல்வதாகச் சொல்வார்கள். 54ஆவது வினாடியில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். அதிகாரிகள் கோட்டைவிட்டது அங்கேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிடார் தனி வாசிப்பு முடிந்ததும் ஈலி அவசரப்பட்டு ஆரம்பித்து, சட்டென்று நிறுத்துவார். டிரம்ஸ் ஓடிவந்து அந்த இடைவெளியை அடைக்கும். திரும்பப் பதிவு செய்யக் காசு ஏது? அப்படியே தட்டில் ஏறிவிட்டது. பிற்பாடு இதைப் பாடிய பலர் அந்தத் தப்பையும் சேர்த்தே பாடினார்கள்.

அதே வாசகர்: அந்தப் பாட்டில் யாராவது காசு பார்த்தார்களா?

லேசில் இல்லை. எழுதியவர் ரிச்சர்ட் பெர்ரி என்ற லாஸ் ஏஞ்சலிஸ் பாடகர். 1955இல் எழுதி 1957இல் வெளியிட்டார். கல்யாணச் செலவுக்கு 750 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டார்! 1980களில் வழக்கறிஞர்கள் துணையோடு மீட்ட பிறகுதான் லட்சக்கணக்கில் வந்தது. ஜாக் ஈலி கதை இன்னும் மோசம். தட்டு ஹிட்டாகும் முன்பே டிரம்ஸ்காரர் ஈஸ்டன், "இனி நான்தான் பாடகன், குழுவின் பெயர் என் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது" என்று சொல்லிவிட்டார். ஈலி வெளியேறினார். தொலைக்காட்சியில் ஈலியின் குரலுக்கு ஈஸ்டன் வாயசைத்தார். மற்ற உறுப்பினர்கள் வராத ராயல்டிக்காக வழக்குப் போட்டுப் பதிவின் உரிமையைத் திரும்ப வாங்கினார்கள். மேல்முறையீட்டிலும் அவர்கள் பக்கமே தீர்ப்பானது 1998இல்.

கே.எம்., ஈரோடு: பெயரே கேள்விக்குறி என்று ஒரு பாடகர் இருந்தாராமே?

இருந்தார். சட்டப்படியே பெயரை அப்படி மாற்றிக்கொண்டவர். குழுவின் பெயர் 'கேள்விக்குறியும் மிஸ்டீரியன்ஸும்'. தட்டின் மேல் வெறும் '?' அச்சாகியிருக்கும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். தான் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்ததாகவும், டைனோசர்களோடு வாழ்ந்ததாகவும் பேட்டியில் அடித்துவிடுவார்.

ஆனால் பின்னணி விளையாட்டல்ல. டெக்சாஸிலிருந்து மிச்சிகனுக்கு விவசாயக் கூலி வேலைக்கு வந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளைகள் இவர்கள். 'நைன்ட்டி சிக்ஸ் டியர்ஸ்' பாட்டை 1966இல் பே சிட்டியில், வீட்டில் அமைத்த ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்து, 'பா-கோ-கோ' என்ற குட்டி லேபிளில் வெளியிட்டார்கள். உள்ளூர் வானொலிகளில் பிய்த்துக்கொண்டு போனதும் 'கேமியோ' நிறுவனம் வாங்கி நாடு முழுக்க விற்றது. அக்டோபர் கடைசியில் 'பில்போர்ட்' பத்திரிகையின் பாட்டு வரிசையில் முதலிடம். ஃபிராங்க் ராட்ரிகஸ் என்ற பதின்வயதுப் பையன் ஆர்கனில் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்தத் துண்டுதான் பாட்டே. ஒரு நாள் கேட்டால் ஒரு வாரம் மண்டைக்குள் ஓடும், எச்சரிக்கிறேன்.

அப்புறம் உரிமை வேறு கை மாறி, அசல் பதிவு வெகுகாலம் சிடியில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு 1990களில் குழுவே மறுபடி பாடிப் பதிவு செய்தது. அசல் சிடியாக வந்தது 2005இல்.

ஆர்.பி., புதுச்சேரி: கடல் இல்லாத ஊரிலிருந்து கடலலைப் பாட்டு வந்ததா?

மினசோட்டாவின் 'டிராஷ்மென்'. 1963இன் 'சர்ஃபின் பேர்ட்'. 'ரிவிங்டன்ஸ்' என்ற குழுவின் இரண்டு பாட்டுகளைச் சேர்த்து ஒட்டிய சரக்கு, நாலாம் இடம் வரை போனது. பாஸ்டன் நகரத்துச் சாக்கடை ஆற்றைப் புகழ்ந்து 'டர்ட்டி வாட்டர்' பாடிய 'ஸ்டேண்டல்ஸ்' மட்டும் என்ன, லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள்! பாஸ்டன் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் ஜெயித்தால் இன்றும் அந்தப் பாட்டுதான் ஒலிக்கிறது.

ஜே., நாகர்கோவில்: தலையை மழித்த துறவி வேடக் குழு எது? எனக்குப் பெயர் மறந்துவிட்டது.

'மங்க்ஸ்'. எனக்கு இவர்களை ரொம்பப் பிடிக்கும். ஜெர்மனியில் கெல்ன்ஹவுசன் முகாமில் இருந்த ஐந்து அமெரிக்கச் சிப்பாய்கள், சேவை முடிந்ததும் ஊர் திரும்பாமல் அங்கேயே கிளப்களில் வாசித்தார்கள். இரண்டு ஜெர்மானிய மேலாளர்கள் வந்தார்கள். கறுப்பு உடை, கழுத்தில் டைக்குப் பதில் தூக்குக்கயிறு, உச்சந்தலையில் வட்டமாக மழிப்பு! இரவெல்லாம் பீட்டில்ஸ் பாட்டு கேட்க வந்த கூட்டம் அரண்டுவிட்டது.

வாசிப்பும் அப்படித்தான். டேவ் டே, கிடாரைக் கீழே வைத்துவிட்டு பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்துக்குள் மைக்கைச் செருகி வாசித்தார். பாஞ்சோ இங்கே ராகம் பாடாது; டிரம்ஸோடு சேர்ந்து தகரத்தில் அடிப்பதுபோல் தாளம் மட்டும் போடும். 1966இல் ஜெர்மனியில் 'பிளாக் மங்க் டைம்' ஆல்பமும் 'காம்ப்ளிகேஷன்' சிங்கிளும் (சின்னத் தட்டு) வந்தன. அமெரிக்காவில் அப்போது வெளியாகவே இல்லை. 1967இல் ஆசியப் பயணம் கிளம்பும் தறுவாயில் குழு உடைந்தது. மறுபடி மேடையேறியது 1999இல், நியூயார்க்கில். 'கேட்க முடியவில்லை' என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. இன்னொரு முறை போட்டுக் காட்டுவேன்.

டி.என்., சேலம்: அப்பாவின் பெட்டியில் கிடைத்த அமெரிக்கச் சின்னத் தட்டில் நடுவே பெரிய ஓட்டை. பிளேயரில் உட்காரவில்லை.

1949இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தபோது, தானே தட்டு மாற்றும் கருவிக்குத் தோதாகப் பெரிய ஓட்டை வைத்தது. நம் கல்கத்தா டம்டம் தொழிற்சாலைத் தட்டுகள், நாலு சினிமாப் பாட்டு வரும் இ.பி. உட்பட, சின்ன ஓட்டை. நடுவில் செருக ஒரு பிளாஸ்டிக் வில்லை கிடைக்கிறது, வாங்குங்கள். தயவுசெய்து அட்டையை வெட்டி வைக்காதீர்கள். மையம் நூலளவு தள்ளினாலும் முள் இடமும் வலமும் ஆடும், சுருதி ஏறி இறங்கும். பிளேயர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கி வந்தவர்களில் பாதிப் பேர் இந்த அட்டைக் கேஸ்தான்.

எல்.ஜி., கோவை: நம் நாட்டில் இப்படிப்பட்ட குழுக்கள் இருந்தனவா?

இருந்தன. சிம்லா சிகரெட்டுக்காக நடத்திய 'சிம்லா பீட்' போட்டியில் வாசித்த கல்லூரிக் குழுக்களின் எல்.பி. என்ற பெரிய தட்டுகள் 1970, 71இல் வந்தன. இன்று அவற்றுக்காக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். பெங்களூரில் 'ட்ரோஜன்ஸ்' குழுவில் பாடிய பித்து, லண்டன் போய் 1967இல் ஒரு சிங்கிள் போட்டார். ஓடவில்லை. 1974இல் தட்டின் பின்பக்கத்துக்கு, அதாவது பி பக்கத்துக்கு, ஏதாவது வேண்டுமே என்று கடைசி நிமிடத்தில் இவர் தயாரித்துப் பதிவு செய்த பாட்டுதான் 'குங் ஃபூ ஃபைட்டிங்'. அப்புறம் 'ஆப் ஜைசா கோயீ' இந்திப் பாட்டுக்கு இசையமைத்ததும் இவர்தான்.

வி.எஸ்., மதுரை: எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது ஐயா?

'நக்கெட்ஸ்'. 1972இல் லென்னி கே தொகுத்த இரட்டை ஆல்பம், 27 பாட்டு. இவர் பிற்பாடு அமெரிக்கப் பாடகி பேட்டி ஸ்மித்துக்குக் கிடார் வாசித்தவர். முதல் பாட்டு 'எலக்ட்ரிக் புரூன்ஸ்' குழுவுடையது. ஆரம்பத்தில் கிடார் வண்டுபோல் இரையும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.