யுபிஎஸ்ல 100% காட்டுது, கரண்ட் போனா 2 நிமிஷத்துல படுத்துடுது: கேள்வி பதில்

கேள்வி: வீட்ல இருந்து வேலை பாக்குறேன் சார், கம்ப்யூட்டருக்கு 600 விஏ யுபிஎஸ் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. யுஎஸ்பி கேபிள் போட்டு சாஃப்ட்வேர்ல பாத்தா பேட்டரி 100%னு காட்டுது, ஆனா கரண்ட் போனா 2 நிமிஷம் கூட தாங்க மாட்டேங்குது. கடையில யுபிஎஸ் போயிடுச்சு, புதுசே வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க. வாங்கிடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: அவசரப்படாதீங்க. கரண்ட் போன அந்த நொடியே சிஸ்டம் ஆஃப் ஆகாம ஒண்ணு ரெண்டு நிமிஷமாவது ஓடுதுன்னா உங்க யுபிஎஸ் பேட்டரிக்கு ஒழுங்கா மாறுதுன்னு அர்த்தம், அநேகமா போனது உள்ள இருக்கிற பேட்டரி மட்டும்தான். 600 விஏ மாடல்ல பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியோட கொள்ளளவு) சீல்டு பேட்டரி (தண்ணி ஊத்தாத மூடுன ஈய-ஆசிட் பேட்டரி) ஒண்ணுதான் இருக்கும், நம்ம ஊரு வெயிலுக்கு அது மூணு வருஷம் வந்ததே பெருசு, ஏன்னா 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 8-10 டிகிரி ஏறும்போதும் இந்த வகை பேட்டரியோட ஆயுள் பாதியா குறையும். சிபியு பின்னாடி சூடா காத்து அடிக்கிற இடத்துல யுபிஎஸ்ஸ வச்சிருந்தீங்கன்னா மொதல்ல அத நகத்துங்க.

அப்புறம் ஏன் 100%னு காட்டுதுன்னா, சின்ன யுபிஎஸ் எல்லாம் பேட்டரியோட வோல்டேஜ பாத்துதான் அந்த சதவீதத்த கணக்கு போடுது. கரண்ட் இருக்கும்போது சார்ஜர் 13.5-13.8 வோல்ட்ல பேட்டரிய பிடிச்சு வச்சிருக்கும், செத்துப்போன பேட்டரியும் அப்ப நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். லோடு ஏறுனதும் கடகடன்னு 10.5 பக்கம் விழும், யுபிஎஸ் கட் பண்ணிடும். அதாவது 100%ங்கிறது இருக்கிற கொள்ளளவு ரொம்பியிருக்குன்னு சொல்லுது, கொள்ளளவு எவ்ளோ மிச்சம்னு சொல்லல, இத தெரியாமதான் பாதி பேரு புது யுபிஎஸ் வாங்குறாங்க. முன்னாடி இருக்கிற செல்ஃப் டெஸ்ட் பட்டனும் சில நொடிதான் பேட்டரில ஓட்டிப் பாக்கும், அதுல பாஸ் ஆன பேட்டரி நாலு நிமிஷம் தாங்கும்னு எந்த கியாரண்டியும் இல்ல.

சரியான டெஸ்ட் இதுதான்: ராத்திரி முழுக்க சார்ஜ் போடுங்க, கம்ப்யூட்டர கழட்டிட்டு பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ண யுபிஎஸ்ல மாட்டுங்க, சுவத்து சுவிட்ச ஆஃப் பண்ணி பல்பு அணையற வரைக்கும் டைம் பாருங்க. புது 7 ஏஹெச் பேட்டரின்னா 20 நிமிஷம் பக்கம் வரணும். புது பேட்டரி போட்ட அன்னைக்கு வந்த நிமிஷத்த ஒரு ஸ்டிக்கர்ல எழுதி யுபிஎஸ் மேலயே ஒட்டிட்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா இதே பல்ப வச்சு பாத்தீங்கன்னா எந்த சாஃப்ட்வேரும் வேணாம், பாதிக்கு வந்ததும் மாத்திடலாம். (கொள்ளளவு 80%க்கு கீழ போனாலே ஆயுள் முடிஞ்சதா டேட்டா சென்டர்காரங்க எடுத்துக்குவாங்க, வீட்டுக்கு அவ்ளோ கறார் வேணாம்.) டெஸ்ட் முடிஞ்ச கையோட மறுபடி சார்ஜ் போட்டுடுங்க, காலியா கிடந்தா சல்பேட் படிஞ்சு பேட்டரி வீணாயிடும்.

வாங்கும்போது தயாரிச்ச தேதிய பாருங்க, கடை ரேக்ல சும்மா கிடந்தாலும் பேட்டரி தானா இறங்கும், ஆறு மாசத்துக்கு மேல சார்ஜே போடாம கிடந்தத எவ்ளோ சீப்பா குடுத்தாலும் வேணாம்னுடுங்க. பழசு உப்பியிருந்தா நோண்டாதீங்க, அப்படியே கடைக்காரர்கிட்ட குடுத்து விலைய கழிச்சுக்க சொல்லுங்க, ஈயத்துக்கு காசு உண்டு.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டர்ல 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி. எலக்ட்ரீஷியன் தம்பி ஆர்ஓ தண்ணியே ஊத்தலாம்கா, பேக்கப் குறைஞ்சா கொஞ்சம் ஆசிட் சேத்துக்கலாம்ங்கிறாரு. சரியா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ரெண்டுமே தப்பும்மா. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஆர்ஓ தண்ணில மிச்சம் இருக்கிற உப்பு பிளேட்ட கெடுக்கும். ஆவியாகிப் போறது தண்ணிதான், ஆசிட் உள்ளயேதான் இருக்கு, அதனால திரும்ப ஆசிட் ஊத்துனா அளவு மீறிடும். தண்ணி அளவு காட்டுற கலர் மிதவை இறங்குச்சான்னு மாசம் ஒருக்கா பாருங்க, ஃபுல் சார்ஜ் ஆனப்புறம் ஊத்துங்க, அதுக்கு முன்னாடி ஊத்துனா சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

அந்த தம்பிகிட்ட ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டோட அடர்த்திய அளக்கிற கருவி) இருந்தா ஆறு செல்லையும் தனித்தனியா பாக்க சொல்லுங்க. ஃபுல் சார்ஜ்ல 1240 பக்கம் இருக்கணும், அஞ்சு செல் 1235-40 காட்டி ஒண்ணு மட்டும் 1190ன்னா அந்த ஒரு செல்தான் மொத்த பேக்கப்பையும் இழுக்குது, வாரண்டில கேக்கறதுக்கு இதவிட நல்ல ஆதாரம் இல்ல. பேட்டரிய பூஜை ரூம் பக்கம் வைக்காதீங்க, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்துல விளக்கு ஏத்துறது ஆபத்து.

கேள்வி: 36+18 மாச வாரண்டின்னா 54 மாசமும் புதுசு தருவாங்களா?

பதில்: இல்ல. மொத 36 மாசத்துல போனா ஃப்ரீயா மாத்தி தருவாங்க, அடுத்த 18ல புது பேட்டரி விலைல ஒரு பங்கு தள்ளுபடி மட்டும்தான், அதுவும் மாசம் ஆக ஆக குறையும். பில்லையும் சீல் போட்ட கார்டையும் அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுக்கங்க. கடைக்காரர் இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிடுங்க.