'ரோமன் ஹாலிடே'யில் ஐந்து நிமிடம் எங்கே போனது?

கேள்வி: 'ரோமன் ஹாலிடே' படத்தின் பிரிட்டிஷ் டிவிடி ஒன்று பழசாகக் கிடைத்தது, வாங்கினேன். படம் 118 நிமிடம் என்கிறார்கள். என் டிஸ்க் 113 நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. வெட்டிய பிரதியா? திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். இதே மாதிரி ஒரு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டு, பிறகு அசடு வழிந்தவன் நான். படம் வெட்டுப்படவில்லை, வேகமாக ஓடுகிறது. அவ்வளவுதான்.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். ஐரோப்பாவின் டிவி முறைக்கு பால் (PAL) என்று பெயர்; அது நொடிக்கு 25 ஃபிரேம் காட்டும். இரண்டையும் பொருத்துவதற்குச் சுலபமான வழி, 24-ஐ 25 ஆக ஓட்டிவிடுவது. அதைத்தான் செய்தார்கள். 118-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 113 நிமிடமும் சில நொடியும் வரும். உங்கள் ஐந்து நிமிடம் அங்கேதான் இருக்கிறது. ஒலியைத் தனியாகச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் குரலும் சற்று மேலே ஏறும். நாயகன் கிரிகரி பெக்கின் அந்தக் கனத்த குரல் கொஞ்சம் இளைத்துக் கேட்டால் காரணம் இதுதான். அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC) டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை; வேகத்தைக் கூட்டாமல், சில ஃபிரேம்களை மட்டும் சற்றுக் கூடுதல் நேரம் காட்டிச் சமாளிப்பார்கள். ப்ளூரே 24-லேயே ஓடும், எனவே 118 நிமிடமும் முழுசாக இருக்கும்.

டிவிடி வாங்கும்போது பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் பால், என்டிஎஸ்சி என்று எது இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். 4 சதவீத வித்தியாசத்தில் உங்களுக்கு ஒன்றும் உறுத்தவில்லை என்றால் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சரி, ப்ளூரேயே வாங்கிவிடலாம் என்று பார்த்தால், அதில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதாம். திரை நிறைய வரும் பதிப்பு இருக்கிறதா?

பதில்: அதைத் தேடவே தேடாதீர்கள். 1953-இல் வெளியான இந்தப் படத்தின் வடிவமே ஏறக்குறைய சதுரம்தான், 1.37-க்கு 1. இன்றைய அகல டிவியில் பட்டை வந்தால்தான் படம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ரிமோட்டில் 'ஜூம்' அழுத்தித் திரையை நிரப்பினால், மேலும் கீழுமாக உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நிருபர்கள் எல்லோரும் கலைந்த பிறகு, அந்தப் பெரிய அரண்மனை மண்டபத்தில் பெக் மட்டும் நின்றுவிட்டு மெதுவாக நடந்து வருவார். அந்தத் தனிமை முழுக்க மண்டபத்தின் உயரத்தில்தான் இருக்கிறது. கூரையை வெட்டிவிட்டுப் பார்த்தால் யாரோ ஒருவர் வராந்தாவில் நடப்பதுபோல ஆகிவிடும்!

2020-இல் ப்ளூரே வந்தது, 2023-இல் அதைவிடத் துல்லியமான 4கே டிஸ்க். 4கே பிளேயர் ஏற்கெனவே இருந்தால் 4கே வாங்குங்கள். இந்த ஒரு படத்துக்காகப் புது பிளேயர் வாங்க வேண்டாம், ப்ளூரேயே நிறைவாக இருக்கும். அப்புறம் ஒன்று: ப்ளூரேக்கு ஏ, பி, சி என்று மண்டலப் பூட்டு உண்டு; வேறு மண்டலத்து டிஸ்க் உங்கள் பிளேயரில் ஓடாமல் போகலாம். வெளிநாட்டு டிஸ்க் என்றால் பிளேயரின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகு பணம் கொடுங்கள். 4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு கிடையாது.

கேள்வி: பழைய கேசட்டில் கதை இயன் மெக்லெலன் ஹன்டர் என்று வந்தது. நண்பரின் டிவிடியில் டால்டன் ட்ரம்போ என்று இருக்கிறது. அது போலிதானே?

பதில்: பெயர் மாறியதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. கதையை எழுதியவர் ட்ரம்போதான். கம்யூனிஸ்ட் தொடர்பு என்று சொல்லி வேலை தராமல் ஒதுக்கிய ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அவர் பெயரைப் போட முடியவில்லை. நண்பர் ஹன்டரின் பெயரில் படம் வெளியாகி, கதைக்கான ஆஸ்கரும் ஹன்டருக்கே போனது. 1993-இல்தான் அந்த விருதை ட்ரம்போவின் மனைவியிடம் கொடுத்தார்கள், ட்ரம்போ இறந்து பல ஆண்டுகள் கழித்து. பின்னாளில் வந்த டிவிடியில் ட்ரம்போவின் பெயரும் சேர்ந்துகொண்டது.

போலியா என்று பார்க்க டிஸ்க்கைத் திருப்புங்கள். அச்சில் வார்த்த டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாகவோ லேசான பொன்னிறமாகவோ இருக்கும். ஊதா அடித்தால் அது யாரோ கம்ப்யூட்டரில் பதிந்தது. அப்போது நண்பர் கடைக்குப் போய்ச் சண்டை போடட்டும்.